மாதிரி டெஸ்ட் பாஸ், சப்மிட் செய்தால் ஃபெயில்: எங்கே பார்ப்பது?

பர்கூர், செட்டிக்கரை கல்லூரிகளில் படித்துக்கொண்டே ஓசூர், பெங்களூர் வேலைகளுக்காக ஹேக்கர்ரேங்க், கோட்ஃபோர்சஸ் போன்ற கோடிங் தளங்களில் பயிற்சி எடுப்பவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் இது: மாதிரி உள்ளீட்டுக்கு விடை சரியாக வரும், மறைந்திருக்கும் டெஸ்ட்டில் விழும். லாஜிக்கை மாற்றுவதற்கு முன், கணக்கில் கொடுத்திருக்கும் வரம்புகளைப் படியுங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழையே எடுத்துக்கொள்வோம். n டன் கூழ், டன் விலை w ரூபாய், மொத்தம் எவ்வளவு? இரண்டும் 1 லட்சம் வரை போகலாம். சி++-இல் இரண்டையும் இன்ட்டாக (int, முழு எண் வகை) வைத்துப் பெருக்கினால், 1000 கோடி வரவேண்டிய இடத்தில் பொதுவாக 1410065408 வரும். காரணம், 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647. மைனஸில் வந்தாலாவது கண்ணில் படும். இது ஒழுங்கான விடை போலவே இருக்கும். மொத்தத்தை மட்டும் லாங் லாங் (long long, இன்னும் பெரிய எண்கள் கொள்ளும் வகை) ஆக்கினால் போதாது. பெருக்கல் இன்ட்டிலேயே முடிந்து, கெட்டுப்போன எண்தான் அதற்குள் போகும். n, w இரண்டில் ஒன்றையாவது லாங் லாங்காக அறிவியுங்கள். பைதானில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து நேரம். சி++-இல் நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். n 2 லட்சம் என்றால் லூப்புக்குள் லூப் 4000 கோடி ஆகிவிடும். சார்ட் செய்தோ (வரிசைப்படுத்தியோ), ஹாஷ் மேப் (மதிப்பை வைத்து உடனே தேடித் தரும் அமைப்பு) வைத்தோ யோசிக்க வேண்டும். வழி சரியாக இருந்தும் நேரம் போதவில்லையா? பைதானில் இன்புட்டுக்கு (input) பதில் சிஸ் ஸ்டிடின் ரீட்லைன் (sys.stdin.readline) போடுங்கள். சி++-இல் வரிக்கு வரி எண்ட்எல் (endl) போட்டால் ஒவ்வொரு முறையும் பஃபர் (விடைகளைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்) காலியாக்கப்படும், அதில் நேரம் போகும். பேக்ஸ்லாஷ் என் (\n) போதும்.

"எண்ணை உள்ளிடவும்" போன்ற வரிகளை பிரிண்ட் செய்யாதீர்கள், அதையும் விடையோடு சேர்த்தே ஒப்பிடுவார்கள். லீட்கோட் என்ற தளத்தில் பிரிண்ட் கணக்கில் வராது, ரிட்டர்ன் செய்ய வேண்டும். ஒரே ஃபைலில் பல டெஸ்ட் இருந்தால் கூட்டுத்தொகையையும் அரேயையும் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிதாகத் தொடங்குங்கள். பெரிய எண்ணைத் தேடும்போது தொடக்கத்தை 0 என்று வைத்தால், -5, -2 என்ற உள்ளீட்டுக்கு 0 வரும். முதல் எண்ணிலிருந்தே தொடங்குங்கள்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், மெதுவாக ஓடினாலும் நிச்சயம் சரியான விடை தரும் எளிய புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். n 8-க்குள், மதிப்புகள் -10 முதல் 10 வரை ரேண்டமாக உருவாக்கி இரண்டு புரோகிராமுக்கும் கொடுத்துக்கொண்டே இருங்கள். விடைகள் முதலில் மாறுபடும் உள்ளீட்டைத் தாளில் எழுதி, வரிவரியாக ஓட்டிப் பாருங்கள்.