பேக்கேஜ் டூரில் சீட்டுக்குத் தனிக்காசு கட்டும் முன்

டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு பேக்கேஜ் டூர் போட்டிருந்தால், விமானத்தில் உட்காரும் சீட்டை முன்கூட்டியே தேர்வு செய்ய ஏஜென்ட் கேட்கும் தனிக்காசை உடனே கட்டாமல், முதலில் விமான நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் விமான முன்பதிவுக்கான 6 இடக் குறியீடு. டூர் கம்பெனியின் புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத் தளத்தில் அது வேலைக்காகாது. பிஎன்ஆர் கையில் இருந்தால் சீட்டின் நிஜ விலையை நீங்களே பார்க்கலாம், அப்புறம் ஆன்லைன் செக்-இன் திறந்ததும் (பெரும்பாலும் புறப்படுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு) யாரும் காசு கொடுத்து எடுக்காத சாதாரண சீட்டுகளைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே விட்டுவிடுகின்றன.

கால் நீட்ட வசதியான வரிசைக்கு இது சரிப்படாது. குரூப் புக்கிங், டூருக்கென்றே வாடகைக்கு எடுத்த சார்ட்டர் விமானம் என்றாலும் சந்தேகம்தான். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பமாகச் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால், பேசாமல் கட்டிவிடுங்கள்.