ஸ்டுடியோ போர்ட்ரெய்ட்டுக்கு மீடியம் ஃபார்மட்டா, லார்ஜ் ஃபார்மட்டா?

ஃபிலிமில் முகம் எடுக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் கேட்பது, எதில் நுணுக்கம் அதிகம் என்றுதான். பெரிய ஃபிலிமில்தான் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டுடியோவில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதிரே உட்காரப்போகிறவர் எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பார்? நான் தேர்வை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

படி 1: அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீடியம் ஃபார்மட் என்றால் 120 ரோல், அதாவது சுருளாக வரும் ஃபிலிம். ஒரு ரோலில் 6×6 செ.மீ. கேமராவில் 12 படம், 6×7 செ.மீ. கேமராவில் 10 படம் கிடைக்கும். லார்ஜ் ஃபார்மட்டில் ஃபிலிம் தனித்தனித் தாளாக வரும். 4×5 இன்ச், 8×10 இன்ச் இரண்டும்தான் அதிகம் புழங்குபவை. தொடங்குபவர்கள் இப்போதைக்கு 8×10-ஐ மறந்துவிடலாம்.

4×5 தாளில் படம் விழும் பரப்பு 6×7-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு 120 ரோலை வெட்டி அடுக்கினால் ஒரு 8×10 தாள் அளவுக்கு வரும். அதாவது 6×7-இல் பத்துப் படம் எடுக்கும் ஃபிலிம், 4×5-இல் நான்கு படத்துக்குத்தான் ஆகும்.

படி 2: பிரிண்ட் அளவை முடிவு செய்யுங்கள்

16×20 இன்ச் பிரிண்ட் போட 4×5 நெகட்டிவை 4 மடங்கு பெரிதாக்கினால் போதும். 6×7-ஐ 7 மடங்குக்குச் சற்று மேலாகப் பெரிதாக்க வேண்டும். சுவரில் பெரிதாக மாட்டப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் கன்னத்துத் தோலிலும் முடியிலும் தெரியும். 8×10 பிரிண்ட்தான் என்றால் ஐஎஸ்ஓ 100 அளவிலான ஃபிலிமில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் என்றால் இங்கேயே 6×7 என்று முடிவு செய்துவிடலாம்.

படி 3: நாற்காலிச் சோதனை

இதற்குக் கேமராவே வேண்டாம். ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். பக்கவாட்டில் நின்று, அவர் கண் இருக்கும் இடத்துக்கு நேராகப் பின்சுவரில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகப் பேச்சுக் கொடுங்கள். பிறகு "அப்படியே இருங்கள்" என்று சொல்லிவிட்டு 20 விநாடி எண்ணுங்கள். தலை முன்னும் பின்னும் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

ஏன் 20 விநாடி? 4×5 கேமராவில் ஃபோகஸ் செய்த பிறகு ஃபிலிம் ஹோல்டரை (ஃபிலிம் தாள் இருக்கும் சட்டம்) செருகிப் படம் எடுப்பதற்குள் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். அந்த நேரம் முழுவதும் நீங்கள் ஃபோகஸைப் பார்க்க முடியாது, ஏனென்றால் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடித் திரை இருந்த இடத்தில் ஹோல்டர் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எண்களைப் பாருங்கள். 4×5-இல் 210 மி.மீ. லென்ஸ் போட்டு, தலையும் தோளும் தெரியும்படி எஃப்/8 அபர்ச்சரில் (லென்ஸ் திறப்பின் அளவு) எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். அதே சட்டகத்தை 6×7-இல் 180 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சுமார் 4.5 செ.மீ. உட்கார்ந்தவர் இரண்டு விரல்கடை முன்னால் சாய்ந்தாலே 4×5-இல் கண் மங்கி, காது கூர்மையாகிவிடும். குழந்தைகள், அடிக்கடி சிரிப்பவர்கள், முதுகு வலியோடு உட்காருபவர்கள் ஆகியோருக்கு மீடியம் ஃபார்மட்தான் நியாயம். அவர்களை அசையாதே, அசையாதே என்று சொல்லிக்கொண்டிருந்தால் முகத்தில் அந்த இறுக்கம் மட்டும்தான் பதியும்.

படி 4: வெளிச்சம் போதுமா?

ஆழம் போதவில்லை என்று 4×5-இல் எஃப்/16 என்ற சிறிய திறப்புக்குப் போனால், எஃப்/8-இல் தேவைப்பட்டதைப் போல நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதோடு துருத்தியும் (லென்ஸையும் ஃபிலிமையும் இணைக்கும் மடிப்புக் கூடு) தன் பங்கைக் கேட்கும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யத் துருத்தியை நீட்ட நீட்ட, ஃபிலிமுக்கு வரும் ஒளி குறையும். கணக்கு எளிது: துருத்தியின் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். 210 மி.மீ. லென்ஸ், 300 மி.மீ. துருத்தி என்றால் விடை ஏறக்குறைய 2. ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முகம் மட்டும் சட்டகத்தை நிறைக்கும்போது இதை மறந்தால் நெகட்டிவ் மெலிந்துவிடும். மாமியா ஆர்பி67-இலும் துருத்தி உண்டு, அதற்கும் இதே கணக்குதான்.

ஃபிளாஷ் பயன்படுத்துபவர்கள் ஷட்டரையும் பாருங்கள். பெரும்பாலான லார்ஜ் ஃபார்மட் லென்ஸ்களிலும், ஹாசல்பிளாட் 500 வகைக் கேமராக்களின் லென்ஸ்களிலும் லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர்) இருப்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். பென்டாக்ஸ் 67-இல் 1/30 விநாடிதான் எல்லை. அறை இருட்டாக இருந்தால் அது பிரச்சினை இல்லை.

படி 5: 4×5 என்று முடிவானால், இந்த வரிசை

ஷட்டரைத் திறந்து வைத்து, அபர்ச்சரையும் முழுதாகத் திறந்து, கண்ணாடித் திரையில் லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்து, உட்கார்ந்தவரின் இரு கண்களில் கேமராவுக்குக் கிட்ட இருக்கும் கண்ணுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். திரையில் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும், நாளடைவில் பழகிவிடும். ஃபோகஸ் ஆனதும் லென்ஸிலிருந்து அவர் நெற்றிவரை ஒரு நூலைப் பிடித்து நீளத்தை முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷட்டரை மூடுங்கள். அபர்ச்சரை வையுங்கள். ஷட்டரை ஏற்றுங்கள். ஹோல்டரைச் செருகி, டார்க் ஸ்லைடை (ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடு) உருவுங்கள். நூலால் தூரத்தை ஒருமுறை சரிபார்த்து, நூலை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். டார்க் ஸ்லைடைத் திரும்பப் போடும்போது கறுப்புப் பக்கம் வெளியே தெரியட்டும். எடுத்து முடிந்த தாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஷட்டரை மூடாமல் ஸ்லைடை உருவி ஒரு நல்ல முகத்தை நான் இழந்திருக்கிறேன். அதனால் இப்போதும் "மூடு, வை, ஏற்று, செருகு, உருவு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் எடுக்கிறேன்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஒரு பலன் இருக்கிறது. படம் எடுக்கும் நொடியில் உங்கள் கண் கேமராவுக்குள் இருக்காது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவரை நேராகப் பார்க்கிறீர்கள், அவரும் உங்களைப் பார்க்கிறார். ரிச்சர்ட் அவெடன் பல ஆண்டுகள் 6×6 ரோலைஃப்ளெக்ஸில் எடுத்தவர்; 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதி மக்களை எடுக்க 8×10 கேமராவை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்றுதான் எடுத்தார். அந்த முகங்களில் இருக்கும் நேர்ப்பார்வைக்கு இந்த நிற்கும் இடமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

படி 6: வாங்கும் முன் ஒரு நாள்

இரண்டு கேமராக்களையும் ஒரு நாளுக்கு இரவல் அல்லது வாடகைக்கு எடுங்கள். இரண்டிலும் ஒரே ஃபிலிமைப் போடுங்கள். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ரோலாகவும் தாளாகவும் கிடைக்கிறது. ஒரே ஆள், ஒரே வெளிச்சம். ஒரு ரோல், நான்கு தாள். எல்லாவற்றையும் கழுவி, ஒவ்வொன்றிலும் சிறந்த ஒரு படத்தை ஒரே அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். முதலில் இரண்டு கையகல தூரத்தில் அல்ல, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள். எந்த முகம் உங்களோடு பேசுகிறதோ, அதை எடுத்த கேமராவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.