ஐ.இ.பி. கூட்டத்துக்குப் பெற்றோரை வரவழைப்பது எப்படி?

சிறப்பாசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் 7 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குத் தனிநபர் கல்வித் திட்டக் (ஐ.இ.பி.) கூட்டம் குறித்தேன். ஒரு பிள்ளைக்கு அந்த ஆண்டு என்ன கற்றுத்தரலாம் என்று பெற்றோரோடு சேர்ந்து பேசி எழுதும் திட்டம் அது. 2 வீட்டாரே வந்தார்கள். "அக்கறையில்லாத பெற்றோர்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். வீடு வீடாகப் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. நான் குறித்திருந்த நேரம் வெள்ளிக்கிழமை காலை 10.30. ஓர் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். நடுவில் எழுந்து வந்தால் அன்றைய கூலி போய்விடும். இன்னொரு வீட்டில், "ராகு காலத்தில் பிள்ளையின் காரியத்தைத் தொடங்கலாமா டீச்சர்?" என்று பாட்டி கேட்டார்.

ஆகவே முதல் படி, தினசரி நாள்காட்டியைப் பார்ப்பது. முகூர்த்த நாள், அமாவாசை, ஊர்ச் சந்தை நாள் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பிறகு பெற்றோரிடம் இரண்டு நேரங்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "எப்போது வருவீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், "நீங்களே சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும். பிள்ளையைப் பள்ளியில் விட வரும் நேரமே பெரும்பாலும் நல்ல நேரம். மாலை என்றால், ஊருக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு குறியுங்கள்.

இரண்டாவது படி அழைப்பு. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "செவ்வாய்க்கிழமை கூட்டம், அவசியம் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஒரு தந்தை வேலைக்கு விடுப்பு எடுத்து, ஆதார் நகல், குடும்ப அட்டை, புகைப்படங்களோடு வந்தார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம் என்று நினைத்திருக்கிறார். அன்று அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. வேறொரு தாய், மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று பயந்து வரவே இல்லை. இப்போது இப்படிச் சொல்கிறேன்: "உங்கள் பிள்ளைக்கு இந்த ஆண்டு என்ன கற்றுத்தரலாம் என்று சேர்ந்து பேசப் போகிறோம். புகார் எதுவும் இல்லை. சான்றிதழ் முகாம் இல்லை, எதுவும் கொண்டுவர வேண்டாம். அரை மணி நேரம் போதும்."

இதைத் தொலைபேசியில் சொல்வதே சிறந்தது. முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக நினைவூட்டுகிறேன். அச்சடித்த கடிதம் கோப்புக்கு மட்டுமே உதவும். கைப்பேசி பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இருப்பதால், வீட்டில் யாரிடம் செய்தி சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இணைய நாள்காட்டிகளை விட்டுவிட்டேன். பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிய கோடு போட்ட நோட்டே எனக்குப் போதும்.

கூட்டத்தில் வகுப்பாசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லோரும் நாற்காலியில் உட்காருங்கள். பெற்றோர் கைகட்டி நின்றால் அவர்கள் வாயிலிருந்து "சரிங்க டீச்சர்" தவிர எதுவும் வராது. முதல் கேள்வி அவர்களுக்கே: "வீட்டில் தானாக என்னென்ன செய்கிறாள்?" எழுத்தே தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு சிறுமி, ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பெயர்ப்பலகை பார்த்துக் காட்டுவாள் என்று அவள் தாய் சொன்னார். எங்கள் திட்டமே அங்கிருந்து மாறியது. "எழுத்தறிவு வளர்த்தல்" என்றிருந்த வரியை அடித்துவிட்டு, "3 ஊர்ப் பெயர்களை அட்டையில் பார்த்து, 5 முறையில் 4 முறை சரியாக எடுப்பாள்" என்று எழுதினோம்.

கையொப்பத்துக்கு முன் திட்டம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். ஒரு நகலைக் கையில் கொடுங்கள். அவர்கள் எழுவதற்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கையொப்பம் வாங்கி வைப்பது அதற்கு ஈடாகாது.

பின்சேர்க்கை: பாட்டி மட்டும் வந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பவர் அவராகத்தான் இருப்பார். தாயைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுங்கள். காது கேளாத பெற்றோர் என்றால் சைகை மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.