நாலு கம்பியும் ஒரு பற்றரியும்: மண்ணுக்கடியில் கனிமம் தேடப் பழகலாம்

கொழும்பில் கனிமம் என்று பேச்செடுத்தாலே, "புதையல் காட்டும் மெஷின் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. ஒரு தொன் பாறையில் ஐந்து கிராம் தங்கம் இருந்தாலே அது நல்ல தாது. அவ்வளவு சொற்பம் எந்த மின் அளவீட்டிலும் தெரியாது. ஆனால் பல இடங்களில் தங்கத்தோடு ஒட்டி வரும் பைரைட் போன்ற சல்ஃபைடுகள் (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள்) மாட்டும்.

முதலில் மண்ணின் மின்தடையை அளக்கப் பழகுவோம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள் அடியில் இருந்தால் அது குறையும். புறக்கோட்டையில் நாலு ஸ்டெயின்லெஸ் கம்பி, 12 வோல்ற் பற்றரி, இரண்டு மல்டிமீற்றர், வயர் வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம்.

கம்பிகளை ஒரே கோட்டில், ஒரு மீற்றர் இடைவெளியில், இரண்டு அங்குலம் மட்டும் இறக்குங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்துக் கம்பிகளுக்குப் பற்றரி. அந்த வயரின் வழியில் ஒரு மல்டிமீற்றர், அது மின்னோட்டத்தைக் காட்டும். நடுக்கம்பிகளுக்கு மற்ற மல்டிமீற்றர், அது வோல்ற்றைக் காட்டும். பற்றரியைக் கழற்றினாலும் அதில் சில மில்லிவோல்ற் நிற்கும். அதனால் பற்றரியின் முனைகளை மாற்றி இன்னொரு தடவை எடுத்து, குறியை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள்.

0.6 வோல்ற், 0.02 அம்பியர் வந்தது என்று வையுங்கள். வகுத்தால் 30 ஓம். அதை 6.28 ஆலும் இடைவெளியாலும் பெருக்கினால் ஏறத்தாழ 188 ஓம் மீற்றர். இதுதான் வென்னர் முறை. இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழம் கூடும்.

வெள்ளவத்தையில் பின்வளவில் நான் எடுத்த முதல் அளவீட்டில், ஓரிடத்தில் தடை சடாரென்று விழுந்தது. ஆசையோடு தோண்டினேன். பழைய ஜீஐ பைப்!

சரி, தடை மட்டும் போதாது. ஈரக் களியும் குறைவாகத்தான் காட்டும். பாறைக்குள் தூவினாற்போல் கிடக்கும் சல்ஃபைட் மணிகளுக்கு ஐபி என்ற தூண்டல் முனைவாக்க முறை வேண்டும். மின்னோட்டம் போகும்போது மணிகளின் ஓரத்தில் அயன்கள் குவிந்துவிடும். சட்டென்று நிறுத்தினால் அவை கலைய நேரம் எடுக்கும், வோல்ற்றளவும் உடனே பூச்சியமாகாமல் மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் அளக்கிறோம். இதற்கு மல்டிமீற்றர் சரிவராது, தனி ரிசீவர் தேவை. நடுவில் வெறும் கம்பியும் கூடாது, அதுவே முனைவாகிவிடும். செப்பு சல்ஃபேற் கரைசல் நிரப்பிய மண்சாடி வைப்பார்கள்.

நம் நாட்டில் இன்னொரு வில்லங்கம், காரீயம், அதாவது பென்சிலில் வரும் கிராஃபைற். அதுவும் ஐபியில் சல்ஃபைட் போலவே காட்டும். செருவிலவில் செப்புச் சல்ஃபைட் இருப்பது போல, போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயம் இருக்கிறது. எனவே துளையிடக் காசு கொட்டுமுன், பக்கத்தில் வெளியே தலைகாட்டும் பாறையைத் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுவழுவென்று கறுத்தால், உங்கள் "தங்கம்" பென்சிலுக்குத்தான் ஆகும்.