இங்கிலாந்தின் சவுத் நார்ஃபோக்கில் கவுன்சில் (உள்ளாட்சி) ஓட்டு போடுவது எப்படி

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு. காமன்வெல்த் குடிமகன், செல்லுபடியாகும் விசா, 18 வயது, அது போதும். என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இது தெரியாது.

முதலில் ஆன்லைனில் பெயரைப் பதியுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அப்புறம் வீட்டுக்கு ஒரு அட்டை வரும். எந்த ஊர் மண்டபத்தில் ஓட்டு என்று அதில் இருக்கும். அட்டை தொலைந்தாலும் பரவாயில்லை. 2023 மே முதல் போட்டோ அடையாளம்தான் கட்டாயம். நம் பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானதும்கூட, முகம் பொருந்தினால் சரி. ஆதார் செல்லாது.

காலை 7 முதல் இரவு 10 வரை நேரம் இருக்கிறது, ஷிப்ட் முடிந்தும் போகலாம். வாசலில் கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு நிற்பவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

சீட்டை நிதானமாகப் படியுங்கள். சில வார்டுகளில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். எத்தனை பேர் வரை தேர்ந்தெடுக்கலாம் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாலும் அந்தச் சீட்டு செல்லாது, குறைவாகப் போடலாம். கட்டிவைத்த பென்சில்தான் தருவார்கள். நம்பிக்கை இல்லையென்றால் சொந்தப் பேனா எடுத்துப் போங்கள், தடையில்லை. ஊர்ச் சபைக்கு (பாரிஷ் கவுன்சில்) போட்டி இருந்தால் இன்னொரு சீட்டும் வரும். விரலில் மை எல்லாம் கிடையாது.