50,000 ரூபாய்க்குள் முதல் ரெக்கார்டு செட்: எதை வாங்கலாம், எப்படிப் பொருத்தலாம்

இசைத்தட்டு கேட்கும் ஆசை வந்ததும் முதலில் கண்ணில் படுவது சூட்கேஸ் மாடல் பிளேயர். மூடினால் பெட்டி, திறந்தால் பிளேயர், ஸ்பீக்கரும் உள்ளேயே. விலையும் குறைவு. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்த ரகத்தில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும் (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்). ஊசி 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும், அந்த அழுத்தத்தைக் குறைக்கவும் வழியிருக்காது. ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் அடிப்பதால் அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போய் ஒலி கலங்கும். தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் எச்எம்வி ஃபியஸ்டாவும் செராமிக் கார்ட்ரிட்ஜ் காலத்துப் பொருள்தான். நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், நல்ல தட்டை அதில் ஓட்டக்கூடாது.

முதல் செட் வாங்கும்போது ஒரு கேள்வி போதும்: இதில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக மாற்ற முடியுமா? ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும், ஸ்பீக்கர் போதவில்லை என்றால் ஸ்பீக்கரை மட்டும். இதற்கு இடம் கொடுக்கும் செட் பத்து வருடம் உங்களோடு வளரும்.

50,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? பாதிக்குச் சற்று மேல் தட்டைச் சுற்றும் டர்ன்டேபிளுக்கு (டெக் என்றும் சொல்வார்கள்). 15,000 வரை ஸ்பீக்கருக்கு. மீதியில் ஃபோனோ ப்ரீஆம்ப், ஊசித் தராசு, பிரஷ், தட்டு கழுவும் சாமான்கள். காதில் விழும் ஒலியை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர்தான், அதற்கே பெரும்பங்கு போடச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் சுமாரான ஸ்பீக்கர் தட்டைக் கெடுக்காது, மோசமான ஊசி கெடுக்கும். ஸ்பீக்கரை அடுத்த வருடம் மாற்றலாம், தட்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளம் தேய்ந்தால் யாராலும் திருப்ப முடியாது.

டர்ன்டேபிள்

ஆடியோ-டெக்னிக்காவை வைத்தே விளக்கலாம், ஏனென்றால் தொடக்க நிலையில் மூன்று படிகள் அவர்களிடம் தெளிவாக இருக்கின்றன. ஏடி-எல்பி60எக்ஸ் முழு ஆட்டோமேட்டிக்: பட்டனை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை (டோன்ஆர்ம்) தானே போய் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். கூம்பு முனை ஊசி. ஊசியை மாற்றலாம், கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. இதற்கு மேல் போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு இது போதும்.

ஏடி-எல்பி70எக்ஸ்ஸும் ஆட்டோமேட்டிக்தான், ஆனால் விஎம்95சி கார்ட்ரிட்ஜோடு வருகிறது. இந்த விஎம்95 வரிசையின் நல்ல குணம், உடல் ஒன்றே, ஊசி மட்டும் பலவகை. ஊசிப் பகுதியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். இன்று கூம்பு முனை, பிறகு நீள்வட்ட முனையான ‘இ’, காசு சேர்ந்ததும் ‘எம்எல்’ எனப்படும் மைக்ரோலீனியர். கம்பி கழற்ற வேண்டாம், ஸ்க்ரூ தொட வேண்டாம்.

ஏடி-எல்பி120எக்ஸ் டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றும். கையின் பின்முனையிலுள்ள எடைக்கல்லைத் திருகி ஊசியின் அழுத்தம் சரிசெய்யலாம், கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட் உண்டு, கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஹெட்ஷெல் கழலும், நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று என மூன்று வேகமும் ஓடும். விஎம்95இ பொருத்தியே வருகிறது. பட்ஜெட் எட்டினால் இதுதான் எங்கள் தேர்வு. ரேகா பிளேனார் 1, ப்ரோ-ஜெக்ட் டெபு வரிசை போன்றவை எளிமையான பெல்ட் டெக்குகள், கட்டமைப்பில் நேர்த்தியானவை. ஆனால் தட்டு முடிந்ததும் நீங்களேதான் எழுந்து கையைத் தூக்க வேண்டும். கேட்டுக்கொண்டே தூங்கிப்போகும் பழக்கம் இருந்தால் ஆட்டோமேட்டிக்கே நல்லது. கடைசிப் பள்ளத்தில் இரவெல்லாம் சுற்றினால் ஊசியின் ஆயுள்தான் வீண்.

கூம்பு முனைக்கும் நீள்வட்ட முனைக்கும் வேறுபாடு எங்கே கேட்கும் என்றால், பக்கத்தின் கடைசிப் பாட்டில். 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் சுற்றும்போது வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்குக் கீழே வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. தடித்த முனை அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாமல் மேலோட்டமாக வழுக்கும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறலாகக் கேட்பது இதனால்தான். முதல் பாட்டு சுத்தமாகவும் கடைசிப் பாட்டு கரகரப்பாகவும் இருந்தால் ஆம்பையோ (ஆம்பிளிஃபையர்) ஸ்பீக்கரையோ சந்தேகிக்காதீர்கள். ஊசியையும் அதன் பொருத்தத்தையும் பாருங்கள்.

ஃபோனோ ப்ரீஆம்ப்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

தட்டு வெட்டும்போது பாஸ் ஒலியைக் குறைத்தும் மேல் ஒலியைக் கூட்டியும் பதிவுசெய்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாஸ் அலை பக்கத்துப் பள்ளத்தையே இடித்துவிடும், ஒரு பக்கத்தில் 20 நிமிடம் கொள்ளாது. இதன் அளவை 1954-ல் ஆர்ஐஏஏ என்ற பொதுவான வளைவாக வகுத்தார்கள்: 1 கிலோஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்தால், 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு கூடுதல். கேட்கும்போது இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். கூடவே, மூவிங் மேக்னட் (எம்எம்) வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட் அளவுதான். அதைச் சுமார் 100 மடங்கு பெருக்க வேண்டும். இரண்டையும் செய்வது ஃபோனோ ப்ரீஆம்ப்.

இது செட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஆடியோ-டெக்னிக்கா டெக்குகளில் உள்ளேயே இருக்கிறது. ‘ஃபோனோ/லைன்’ என்று ஒரு சுவிட்ச். ‘லைன்’ என்று வைத்தால் ஆம்பில் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகுங்கள். ஆம்பிலேயே ‘ஃபோனோ’ உள்ளீடு இருந்தால் டெக்கின் சுவிட்சை ‘ஃபோனோ’வுக்குத் தள்ளுங்கள். தவறினால் என்ன ஆகும் என்பதைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். ஒலி மிக மெல்லியதாக, பாஸே இல்லாமல் தகரம்போல் வந்தால், ப்ரீஆம்ப் எங்கேயும் இல்லை. காது கிழியும் சத்தம், உடைந்த ஒலி, பூம் பூம் என்ற பாஸ் என்றால், இரண்டு ப்ரீஆம்ப் அடுத்தடுத்து வேலைசெய்கின்றன. உடனே வால்யூமைக் குறையுங்கள்.

டெக்கில் ப்ரீஆம்ப் இல்லையென்றால் பெஹ்ரிங்கர் பிபி400 போன்ற சின்னப் பெட்டி ஆரம்பத்துக்குப் போதும். எம்எம் உள்ளீடு 47 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். புளூடூத் டெக் வாங்கினாலும் தட்டு கேட்கக் கம்பியையே பயன்படுத்துங்கள்.

ஆம்ப், ஸ்பீக்கர்

புதியவருக்குப் பவர்டு ஸ்பீக்கர்தான் சிக்கனம், ஆம்ப் உள்ளேயே இருக்கும். எடிஃபையர் ஆர்1280டி போன்ற 4 அங்குல வூஃபர் ஜோடி 10-க்கு 12 அடி அறையை நிறைக்கும். அதில் ஃபோனோ உள்ளீடு இல்லை என்பதை மறக்க வேண்டாம். சவுண்ட்பார் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தால் ஸ்டீரியோ மோடில் வைத்து முன் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் ஓடவிட்டுத் தொடங்கலாம், தப்பில்லை.

ஸ்பீக்கரை டர்ன்டேபிள் இருக்கும் மேசையில் வைக்கவே கூடாது. பாஸ் மேசை வழியாக ஊசிக்கு ஏறி, மீண்டும் ஸ்பீக்கருக்கு வந்து, வால்யூம் கூட்டும்போது ‘ஊம்ம்’ என்று ஊளையிடத் தொடங்கும். டெக்குக்குச் சுவரில் அடித்த கெட்டியான பலகை உத்தமம். ஸ்பீக்கர்கள் 1.8 மீட்டர் இடைவெளியில், நீங்களும் அதே தூரத்தில், ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பொருத்துவது

எடைக்கல் உள்ள டெக்குக்கு இந்த வரிசை. அவசரப்பட்டால் ஊசி ஒடியும். முதல் தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. டெக்கை இடத்தில் வைத்து, பிளாட்டர் (தட்டு உட்காரும் சுழல்வட்டு) மேல் ரசமட்டம் வைத்து இரு திசையிலும் மட்டம் பாருங்கள். காலைத் திருகி அல்லது அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள்.
2. ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வையுங்கள். ஊசி உறையைக் கழற்றுங்கள். கையைத் தூக்கி இறக்கும் லிவரை இறக்கிவிட்டு, கையைப் பிளாட்டருக்கு வெளியே விரலால் தாங்கிப் பிடியுங்கள்.
3. எடைக்கல்லை மெதுவாகத் திருகி, கை எங்கும் சாயாமல் தட்டுக்கு இணையாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.
4. கையைத் தாங்கியில் பூட்டுங்கள். எடைக்கல்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்னாலுள்ள எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள்.
5. இப்போது எடைக்கல்லையே திருகுங்கள், வளையமும் சேர்ந்து சுற்றும். விஎம்95இ-க்கு 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை ஏற்கும். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்கு வையுங்கள்.
6. 0.01 கிராம் காட்டும் ஊசித் தராசில் சரிபாருங்கள். வளையத்தின் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம்.

தட்டு தேய்ந்துவிடுமோ என்று பயந்து 1.5 கிராமில் வைப்பவர்கள் பலர். அது தலைகீழ் வேலை. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளும்; அந்தத் துள்ளல்தான் சுவரைச் செதுக்கும்.

கார்ட்ரிட்ஜை நீங்களே மாட்டினால்: சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ், வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ். இரண்டு புள்ளி உள்ள ப்ரொட்ராக்டரை (கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் தாள்) அச்செடுத்து, அதில் குறித்த நீளம் ஸ்கேலில் சரியாக வருகிறதா என்று அளந்துவிட்டு, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு நேராக நிற்கும்வரை ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்துங்கள்.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்து, டோன்ஆர்மைத் தொட்டதும் மாறினால் எர்த் பிரச்சினை. டெக்கிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியை ஆம்ப் அல்லது ப்ரீஆம்பின் கிரவுண்ட் திருகில் முடுக்குங்கள். ப்ளக் பாயின்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய டெக் வாங்கினால்

ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டோன்ஆர்மை இரு விரலால் மிக மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. பெல்ட் தளர்ந்தோ விறைத்தோ போயிருந்தால் புதிது வாங்கலாம், பெரிய செலவில்லை. கை வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஊசியைத் தேய்ந்தது என்றே கணக்கில் வைத்து, புது ஊசி கிடைக்குமா என்று விசாரித்த பிறகு பேரம் பேசுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பழைய பெல்ட் டெக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 120 வோல்ட் கிடைக்கும், ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். வேகம் ஆறில் ஐந்து பங்காகி, 5 கட்டையில் பாடிய பாட்டு ஏறக்குறைய 3 கட்டைக்கு இறங்கிவிடும். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் சரியாகும். டிசி மோட்டார் உள்ள டெக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர்த் தட்டுகள்

பழைய தமிழ்ப் படப்பாட்டு இபி-களில் (சில பாட்டுகளே உள்ள சின்னத் தட்டுகள்) பெரும்பகுதி மோனோ, இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். ஊசியின் மேல்-கீழ் அசைவில் வரும் தூசிச் சத்தம் கழிந்து, குரல் நடுவில் கெட்டியாக நிற்கும். அந்த ஒரு பட்டனுக்காகவே பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றைத் தேடலாம்.

78 வேகத் தட்டுகள் வேறு சாதி. அவை வினைல் அல்ல, அரக்கு கலந்தவை. பள்ளம் அகலம், எல்பி (33⅓ வேக வினைல் தட்டு) ஊசியின் முனை அதன் அடித்தளத்தில் உரசி இரைச்சல்தான் தரும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை வேண்டும். விஎம்95 வரிசையில் ‘எஸ்பி’ ஊசி இதற்கானது. அவற்றை ஆல்கஹால் கலந்த எதிலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

வினைல் தட்டை ஒவ்வொரு முறையும் கார்பன் பிரஷால் இரண்டு சுற்றுத் துடையுங்கள். பழைய தட்டில் பூஞ்சை வெண்மையாகப் படிந்திருந்தால் பிரஷ் போதாது, கழுவ வேண்டும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத பாத்திர சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். கழுவிய தட்டை பழைய உறைக்குள்ளேயே போட்டால் பூஞ்சை திரும்ப ஏறும், உள் உறையைப் புதிதாக மாற்றுங்கள். அடுக்கிப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்தியே வையுங்கள்.

ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டுமே துடைக்க வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது. ஆடியோ-டெக்னிக்கா சொல்லும் ஆயுள் நீள்வட்ட முனைக்கு 300 மணி, கூம்புக்கு 500, மைக்ரோலீனியருக்கு 1,000. ஒரு எல்பி 40 நிமிடம் என்றால் 300 மணி என்பது 450 தட்டு. தினம் ஒன்று கேட்பவர் பதினைந்தாவது மாதத்தில் புது ஊசி வாங்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை டெக்கின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.