எந்த பிரீட்ரிக்? ஒரு ஜெர்மன் பெயரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மானிய வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்களையும் மொழிபெயர்ப்பவர்களையும் தடுக்கி விழவைக்கும் பெயர்களில் முதலிடம் பிரீட்ரிக்குக்குத்தான். பேரரசர், சிற்றரசர், கவிஞர், தத்துவவாதி, கணித மேதை, குடியரசுத் தலைவர் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக யார் யாரோ அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறார்கள். நாமோ "இரண்டாம் பிரீட்ரிக்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எந்த இரண்டாம் பிரீட்ரிக்?

ஒருவர் புனித ரோமப் பேரரசர். 1194-இல் இத்தாலியின் யேசி நகரில் பிறந்தார், சிசிலியில் வளர்ந்தார். 1224-இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1229-இல் எகிப்திய சுல்தான் அல் காமிலுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, போரிடாமலே ஜெருசலேமைப் பெற்றார். வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடும் கலை பற்றி லத்தீனில் ஒரு பெரிய நூலும் எழுதினார். பலெர்மோ பேராலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். இன்னொருவர் பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் மன்னர். 1712-இல் பெர்லினில் பிறந்தவர், புல்லாங்குழல் வாசிப்பவர், ஆட்சிக்கு வந்த 1740-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரியாவின் வசமிருந்த சைலீசியாவின்மீது படையெடுத்தவர். "மகா பிரீட்ரிக்" என்று உலகம் அழைப்பது இவரைத்தான். இருவருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. ஒருவருடைய படத்துக்கு அடியில் மற்றவருடைய சாதனையை எழுதிவிட இந்த "இரண்டாம்" என்ற ஒரு சொல் போதும்.

வரிசை எண் ஆளைச் சேர்ந்ததல்ல, அரியணையைச் சேர்ந்தது. இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. ஒவ்வொரு சிற்றரசும் தன் வரிசையைத் தனியாகவே எண்ணிக்கொண்டது. ஆகவே ஒரே காலத்தில் இரண்டு மூன்றாம் பிரீட்ரிக்குகள் ஆண்டதும் உண்டு. ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக் 1493-இல் இறந்தார். சாக்சனியை ஆண்ட மூன்றாம் பிரீட்ரிக் 1486-இலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். "அறிஞர்" என்று அடைமொழி பெற்ற இந்தச் சாக்சனி ஆட்சியாளர்தான் 1502-இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1521-இல் கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர். "லூதருக்கு அடைக்கலம் தந்த பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக்" என்று எழுதினால், லூதருக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் இறந்துபோன மனிதரைக் கல்லறையிலிருந்து எழுப்பியவர்கள் ஆவோம்.

இதைவிடச் சிக்கலானது ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருப்பது. பிராண்டன்பர்கை ஆண்ட மூன்றாம் பிரீட்ரிக், 1701 ஜனவரி 18 அன்று கோனிக்ஸ்பர்கில் தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டு பிரஷ்யாவில் மன்னரானார். அந்தப் புதிய அரியணையில் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. எனவே ஒரே நாளில் "மூன்றாம்" என்பது "முதலாம்" ஆகிவிட்டது. ஒரு நூலில் மூன்றாம் பிரீட்ரிக்கையும் இன்னொன்றில் முதலாம் பிரீட்ரிக்கையும் படித்துவிட்டு, தந்தையும் மகனுமோ என்று மயங்கவேண்டாம்.

1888-இல் இந்த எண் விவகாரம் அரசியலாகவே மாறியது. ஜெர்மன் பேரரசராகப் பதவியேற்ற பிரீட்ரிக், பழைய புனித ரோமப் பேரரசின் தொடர்ச்சியாகத் தன்னை எண்ணி, நான்காம் பிரீட்ரிக் என்று பெயர் சூட்டிக்கொள்ள விரும்பினார். தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அதற்கு இணங்கவில்லை. பிரஷ்ய வரிசைப்படி மூன்றாம் பிரீட்ரிக் என்றே அறிவிக்கப்பட்டார். தொண்டைப் புற்றுநோயால் பேச்சை இழந்திருந்த அவர் ஆண்டது 99 நாட்கள்தான். பதவிக்கு வந்த பேரரசரின் முதல் விருப்பமே நிறைவேறவில்லை என்பது, அன்றைய ஆட்சி யார் கையில் இருந்தது என்பதை நன்றாகவே காட்டிவிடுகிறது.

எழுதுபவர்கள் செய்யவேண்டியது சிறிய வேலைதான். பெயர் முதன்முறை வரும் இடத்தில் எண்ணோடு நாட்டையும் ஆட்சி ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு சொற்கள் கூடும், அவ்வளவுதான்.

அடுத்த குழி பிரீட்ரிக் வில்ஹெல்ம். இது பிரீட்ரிக்கின் நீண்ட வடிவம் அல்ல. பிரஷ்யாவில் அது தனிப் பெயர், தனி வரிசை. முதலாம் பிரீட்ரிக்கின் மகன் முதலாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம். அவருடைய மகன் இரண்டாம் பிரீட்ரிக். "வில்ஹெல்ம்" என்பதை வெட்டிவிட்டால் வரிசை மட்டுமல்ல, குணச்சித்திரமே கலைந்துவிடும். நடுவில் உள்ளவர் சிக்கனக்காரர், சிப்பாய்களின் மன்னர் என்று பெயரெடுத்தவர். தன் தந்தைக்காக உருவாக்கப்பட்ட அம்பர் பலகைகளால் ஆன விலைமதிப்பற்ற அம்பர் அறையை 1716-இல் ரஷ்யாவின் மகா பீட்டருக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர். 1730-இல் மகன் தப்பியோட முயன்றபோது, உடந்தையாக இருந்த நண்பன் காட்டேயின் தலையை வெட்டச் செய்தவரும் அவரே. தலை வெட்டப்பட்டவனுடைய நண்பனே பிற்காலத்தில் மகா பிரீட்ரிக் ஆனான். தந்தையையும் மகனையும் ஒரே "மன்னர் பிரீட்ரிக்" ஆக்கினால் இந்தக் கதை யாருக்கு விளங்கும்?

கதைகளும் ஆள் மாறும். கிஃப்ஹாய்சர் மலைக்குள் பேரரசர் உறங்குகிறார், அவருடைய தாடி கல் மேசையைச் சுற்றி வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற புகழ்பெற்ற ஜெர்மன் கதை இன்று செந்தாடி பார்பரோசாவுக்கு, அதாவது 1190-இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்த முதலாம் பிரீட்ரிக்குக்கு, உரியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தொடக்கத்தில் அது அவருடைய பேரனான இரண்டாம் பிரீட்ரிக்கைச் சுற்றி எழுந்த நம்பிக்கை. பின்னாளில்தான் தாத்தாவிடம் போய்ச் சேர்ந்தது. 1896-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் கீழே கல்லில் பார்பரோசா அமர்ந்திருக்கிறார். மேலே குதிரையில் புதிய ஜெர்மன் பேரரசின் முதல் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம். பழைய கதையைப் புதிய பேரரசுக்கு அடித்தளமாக்கிய வேலை அது.

பிரஷ்ய மன்னர் மகா பிரீட்ரிக் உருளைக்கிழங்கு வயலுக்குக் காவல் போட்டு, விவசாயிகளின் ஆசையைத் தூண்டித் திருடவைத்தார் என்பதும் நிரூபணமான வரலாறு அல்ல, வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி அவர் ஆணையிட்டது உண்மை. பாட்ஸ்டாமின் சான்சூசி மாளிகையில், தன் நாய்களுக்கு அருகே அவர் அடக்கமாகியிருக்கும் இடத்தில் ஒரு தட்டையான கல் மட்டும் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் அதன்மேல் பூக்களோடு உருளைக்கிழங்குகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெர்மன் பெருமையின் சின்னமாகப் பிற்காலத்தார் கொண்டாடிய இந்த மன்னர் விரும்பிப் பேசியதும் எழுதியதும் பிரெஞ்சு மொழியில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடப்பெயர்களைப் பார்த்ததும் எல்லாவற்றையும் இவர் கணக்கில் எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. பெர்லினின் பிரீட்ரிக் வீதி இவருடைய தாத்தாவின் பெயரில் உள்ளது. செப்பெலின் வான்கப்பல்கள் பிறந்த பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்துக்கும் பிரஷ்யாவுக்கும் சம்பந்தமே இல்லை. 1811-இல் அதற்குப் பெயர் தந்தவர் வூர்ட்டம்பர்க் மன்னர் முதலாம் பிரீட்ரிக்.

அரசர்களை விட்டு மற்றவர்களிடம் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஜெர்மானியர்களுக்குப் பல பெயர்கள் வைப்பார்கள், அழைப்பது ஒன்றைத்தான். அது முதலில் வரவேண்டும் என்பதில்லை. கவிஞர் ஷில்லரின் முழுப்பெயர் யோஹான் கிறிஸ்தோப் பிரீட்ரிக், அறியப்பட்டது பிரீட்ரிக் என்று. தத்துவவாதி ஹெகலின் பெயரிலும் கடைசியாக பிரீட்ரிக் உண்டு, ஆனால் வீட்டில் அவர் வில்ஹெல்ம். முழுப்பெயரில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்துக்கொண்டு "யோஹான் ஷில்லர்" என்று எழுதினால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார். நீட்சேவுக்குப் பெயர் வந்த விதம் தனி: 1844 அக்டோபர் 15 அன்று, மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்மின் பிறந்தநாளில் பிறந்ததால், அந்த இரண்டு பெயர்களும் அப்படியே சூட்டப்பட்டன. முடியாட்சிக்காரர்கள் மட்டுமே வைத்த பெயர் என்றும் எண்ணவேண்டாம். கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் ஒரு பிரீட்ரிக், அவருடைய ஆலை முதலாளித் தந்தையும் பிரீட்ரிக். 1919-இல் ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான பிரீட்ரிக் ஏபர்ட் சமூக ஜனநாயகவாதி. அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1948 முதல் 1967 வரை கிழக்கு பெர்லின் மேயர், கம்யூனிஸ்ட் ஆட்சியின் பக்கம். அடைமொழியின்றி ஏபர்ட் என்று எழுதும் இடத்தில் கவனம் தேவை.

நம் ஊர் வரலாற்றிலும் இந்தப் பெயர் நுழைந்திருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பிய மன்னர் நான்காம் பிரெடெரிக் டென்மார்க்கின் அரசர். அனுப்பப்பட்டவர் சாக்சனியைச் சேர்ந்த ஜெர்மானியர் என்பதால், அனுப்பியவரையும் ஜெர்மன் மன்னராக்கிவிடக் கூடாது. பிரஷ்யாவில் நான்காம் பிரீட்ரிக் என்று ஒருவர் ஆண்டதே இல்லை. அடுத்த தலைமுறையில் வந்த கிறிஸ்டியன் பிரீட்ரிக் சுவார்ட்ஸ், தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவர், 1798-இல் தஞ்சாவூரிலேயே இறந்தவர். தஞ்சாவூரில் அவர் பெயர் தாங்கிய தேவாலயத்தில் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் கிடப்பவரின் கையை சரபோஜி பற்றியிருக்கும் காட்சி. ஆங்கில நூல்கள் இவரைக் "கிறிஸ்டியன் பிரெடெரிக்" என்று எழுதும், குடும்பப் பெயரையும் இரண்டு மூன்று விதமாக எழுதும். நூலகப் பட்டியலில் ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு நூலே இல்லை என்று திரும்பிவிட வேண்டாம்.

பெயரின் பகுதிகள் பழைய ஜெர்மனில் அமைதியையும் ஆளும் வலிமையையும் குறிப்பவை. அதை வைத்து ஆளின் குணத்தை விளக்கப் புறப்படுவது வீண் வேலை. சைலீசியாவைக் கேட்டால் தெரியும். பிரிட்ஸ் என்பது பிரீட்ரிக்கின் செல்லப் பெயர்தான், பிரஷ்யாவில் கிழ மன்னரைக்கூட "கிழட்டு பிரிட்ஸ்" என்றார்கள். ஃபிரெட் என்பதைப் பார்த்தவுடன் பிரீட்ரிக் என்று முடிவு கட்டவேண்டாம், ஆல்பிரெட்டாகவும் மான்பிரெட்டாகவும் இருக்கலாம். பனிமூட்டத்தையும் பாறைகளையும் வரைந்த ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்குக்கோ அது குடும்பப் பெயர். நூலின் பெயரகராதியில் அவரைப் பகரத்தில் சேர்க்கவேண்டும், மன்னர்களின் வரிசையில் அல்ல.